புல் முடிந்த வழி

பினாங்குத் தீவில், தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏறி முடித்து, சுவாமி தரிசனமும் ஆன பிறகு, மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தவாறு, ஜார்ஜ் டவுன் நகரத்து விளக்குகள் கடலோரமாக ஒவ்வொன்றாய் ஒளிரத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகே நின்ற பெரியவர் ஒருவர், “ஐயா ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். மலேசியத் தமிழர் நாவில் ‘ஊர்’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாடு என்றே பொருள். தாங்கள் பிறந்ததும், தங்கள் தந்தையர் பிறந்ததுங்கூட இந்த மண்ணிலேயே ஆயினும், அந்த ஒரு சொல்லை மட்டும் அவர்கள் கடலுக்கு அக்கரையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆம் என்றேன். அவர் கோயிலுக்குப் பின்புறமாகக் கையை நீட்டி, பாதிக்கு மேல் மேகம் மூடிக் கிடந்த கரிய மலையொன்றைக் காட்டி, “இத்தனை படி ஏறிட்டீங்க, கொடிமலை ஏறாமப் போகலாமா? நாளைக்குக் காலையில நாங்க ஏறுறோம். வாங்க, எண்பத்து நாலுல தே குடிச்சிட்டு வரலாம்” என்றார்.

எண்பத்து நாலு என்பது யாது என்று கேட்க நாணி, அறிந்தவன்போல் தலையசைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். நான்கு நாள் தங்கி, நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதம் தைப்பூசத்தின்போது புறப்படும் வீதியையும், 1801ஆம் ஆண்டு தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், 1833ஆம் ஆண்டு எழுந்த மகாமாரியம்மன் கோயிலையும் நிதானமாகக் கண்டு திரும்ப வேண்டும் என்பதே என் பிரயாணத்தின் உத்தேசமாக இருந்தது. அந்த உத்தேசத்தில் மலைக்கு இடமே இல்லை. இன்று அந்த யாத்திரையைப் பற்றி எழுத உட்காரும்போதோ, மற்றவை எல்லாம் பின்னே ஒதுங்கி நிற்க, மலையே முன்னே வந்து நிற்கிறது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, பாசார் தெருவின் பூக்கடைகளில் மல்லிகைக் கூடைகள் பிரிக்கப்படும் வேளையில், புறப்பட்டேன். அந்தத் தேசத்தில் சூரியோதயம் ஏழு மணிக்கு மேல்தான் என்பதால், தாவரவியல் தோட்டத்துக்குச் செல்லும் சாலையில், நிலா வாசல் என்று வழங்கும் வட்ட வடிவான பழைய தோட்ட வாயிலின் முன்னே நான் இறங்கியபோது, நல்ல இருள். அந்த இருளில் ஐந்து பேர், நெற்றியில் கட்டிய சிறு விளக்குகளோடு, எனக்காகக் காத்து நின்றார்கள்: துறைமுகத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராகிய நம் பெரியவர், அறுபதைக் கடந்த சீனப் பெண்மணிகள் இருவர், பள்ளி ஆசிரியராக இருந்த மலாய்க்காரர் ஒருவர், மருத்துவமனையில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த தமிழ்ச் செவிலிப் பெண் ஒருத்தி. ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பை. பைகளிலே தங்களுக்கு வேண்டியதற்கு மேலாக இரண்டு புட்டி தண்ணீரும், ஒரு பொட்டலம் சர்க்கரையோ, தேயிலையோ, பிஸ்கோத்தோ இருந்ததைக் கவனித்தேன். எதற்காக என்று கேட்டேன். “மேலே போனா தெரியும்” என்று சொல்லி, என் கையிலும் ஒரு புட்டியைக் கொடுத்தார் பெரியவர்.

கொடிமலை 833 மீட்டர் உயரமே உள்ளது. இமயத்தை எண்ணுகிறவர்களுக்கும், நம் ஆனைமுடியை எண்ணுகிறவர்களுக்குங்கூட, இது ஒரு குன்றாகவே தோன்றும். ஆனால் மலை எவ்வளவு உயரம் என்பதைக் காட்டிலும் மனிதர் அதனோடு எவ்வளவு காலம் பழகியிருக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கணக்கில் கொடிமலை சாமானியமானதன்று. 1786இல் இத்தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், இரண்டே ஆண்டுகளில், ஸ்ட்ராபெரிப் பழம் பயிரிடும் ஆசையால், இம்மலைக்கு ஒரு தடம் வெட்டுவித்தார். நீலகிரியில் ஜான் சல்லிவன் தம் கல்வீட்டைக் கட்டத் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்திய செய்தி இது. பின்னர் நோயுற்ற துரைமார்கள் குளிர்ந்த காற்றை நாடி இங்கே வந்தார்கள். குதிரை ஏறியும், டோலியில் அமர்ந்தும் வந்தார்கள். மேலே பங்களாக்கள் எழுந்தன. ஒரு முறை முயன்று தோற்ற மலை ரயில் இரண்டாம் முயற்சியில் 1923ஆம் ஆண்டு இறுதியில் ஓடத் தொடங்கியது. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மலையையும் அதைச் சூழ்ந்த காட்டையும் உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது.

டோலியைப் பற்றி இங்கே சிறிது நின்று சொல்ல வேண்டும். டோலியில் அமர்ந்து போனவர்கள் கடிதம் எழுதினார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள், கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்பவர் 1818ஆம் ஆண்டளவில் மலைமேலிருந்து கண்ட காட்சிகளை ஓவியங்களாகவே தீட்டிவைத்தார். டோலியைத் தோளில் சுமந்து, வெறுங்காலோடு, அட்டை கடிக்க, மழையில் வழுக்கி, மூச்சிரைக்க மேலே ஏறியவர்களோ ஒரு வரியும் எழுதவில்லை. எந்த வளைவில் நின்று தோள் மாற்றிக்கொண்டார்கள், எந்தப் பாறையடியில் குடிநீர் சுரந்தது, எந்த மரத்தைக் கண்டதும் இன்னும் பாதி வழிதான் என்று மனம் தேறினார்கள் என்பதெல்லாம் அவர்களோடேயே போய்விட்டன. இத்தீவின் பழைய சாலைகள் பலவற்றை இட்டவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள்; அவர்களுடைய கதியும் அதுவே. ஒரு மலையின் சரித்திரத்தில், அதை மிக நன்றாக அறிந்தவர்களுடைய ஞாபகமே முதலில் அழிந்துபோகிறது என்பது எனக்கு மிகுந்த துக்கத்தை அளிக்கிறது.

நிலா வாசலைக் கடந்ததும் ஏற்றம் ஆரம்பமாகிவிடுகிறது. படிகள் சிறிது தூரம். பிறகு மரவேர்களே படிகள். சில்வண்டுகளின் இரைச்சல் இருளோடு இருளாகக் கலந்து காதை நிறைக்க, பெரியவரின் குதிகால்களைத் தவிர வேறொன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. “இந்த வேர்ல காலை வைக்காதீங்க ஐயா, ஈரமா இருக்கும்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், பாதையின் குறுக்கே மலைப்பாம்பின் பருமனோடு கிடந்த ஒரு வேரின்மேல் நான் காலை வைத்துவிட்டேன். அடுத்த கணம் முழங்கால் மண்ணில் பதிந்தது. செவிலிப் பெண் தன் பையிலிருந்து மருந்தை எடுத்துச் சிராய்ப்பில் தடவினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சீனப் பெண்மணிகளுள் மூத்தவர், தாமும் அதே வேரில் விழுந்த கதையை மலாய் மொழியில் சொன்னார். மலாய் ஆசிரியர், தம் மைத்துனர் விழுந்ததைச் சொன்னார். நான் விழுந்தது அவர்களுக்கு ஒரு பழைய கதையின் புதிய அத்தியாயமாக இருந்தது. அந்த இடத்திலேயே நான் அவர்களுள் ஒருவனாகிவிட்டேன்.

வெளிச்சம் பரவத் தொடங்கியபோது ஒரு பிரிவுக்கு வந்தோம். ஒற்றையடிப் பாதை இரண்டாகக் கவைத்துச் சென்றது. இடப்பக்கத்து இளமரமொன்றின் கிளையில் சிவப்பு நாடா ஒன்று முடிந்திருந்தது; வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கி, நூல் பிரிந்து, இன்னும் ஒரு மழைக்குத் தாங்காது என்னும் நிலையில் இருந்தது. பெரியவர் தம் பையிலிருந்து ஒரு புதிய நாடாவை எடுத்தார். பழையதை அவிழ்க்காமல், அதன் பக்கத்திலேயே இரண்டு முடிச்சாக முடிந்தார். “இதைக் கட்டினவரு இப்ப இல்லீங்க. அவரு கட்டினது தானா விழட்டும்” என்றார்.

அந்தக் கணத்தில் என் உள்ளம் கடல் கடந்து, செங்கத்துக்கு அருகே பர்வதமலை என்று இன்று வழங்கும் நவிரமலைக்குச் சென்றுவிட்டது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், அந்த மலைக்கு உரிய நன்னனிடம் பரிசில் பெற்று வந்த கூத்தன் ஒருவன், இனிப் போகவேண்டிய கூத்தனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை. பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளுள் அரசனின் புகழ் ஒரு பங்கு என்றால், மலைவழியின் விவரம் அதனினும் பெரும் பங்கு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனத்துப் பரணிலிருந்து காவலர் வீசும் கவண்கல் எப்படிப் பாய்ந்து வரும், எந்த நீர்க்கரை வழுக்கும், அங்கே எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்று, போய் வந்தவன் போகிறவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அந்த உபதேசங்களுக்கு நடுவே ஓர் அபூர்வமான இடம் உண்டு. புதிய நிலத்துக்கு வந்தவர்களே, வழி பிரியும் இடங்களில் தரையைத் துடைத்துத் தெளிவாக்கி, பின்னே வருகிறவர்கள் அறியும்பொருட்டுப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கிறான் அவன். வழியறியாத புதியவனிடமே, உனக்குப் பின் வரப்போகும் மற்றொரு புதியவனை நினைத்துக்கொள் என்று சொன்ன அந்தக் கவியின் இருதயத்தை நான் பல முறை வியந்திருக்கிறேன். ஆனால் அந்தப் புல்லின் முடிச்சைக் கண்ணால் கண்டது பினாங்குக் காட்டிலேதான். பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889இல் அச்சில் கொண்டுவராமல், ஏடுகள் செல்லுக்கு இரையாகியிருந்தால், அந்த முடிச்சும் அவிழ்ந்தே போயிருக்கும்.

கடைசி ஏற்றத்தைக் கடந்து, தாவரவியல் தோட்டத்திலிருந்து மலையுச்சிக்குச் செல்லும் ஜீப் பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு வெளிப்பட்டபோது, அந்தப் பாதை ஓரத்தில், மலைவழியில் ஏறத்தாழப் பாதி தூரத்தில், கூரை வேய்ந்த ஒரு தங்குமிடம் இருந்தது. இதுதான் 84. பெஞ்சுகள், ஒரு பெரிய கெண்டி, கழுவிக் கவிழ்த்த கோப்பைகள், காணிக்கை இடுவதற்கு ஒரு பெட்டி. நாங்கள் சுமந்து வந்த தண்ணீரும் சர்க்கரையும் அங்கே இறங்கின. முதிய சீனர் ஒருவர் கெண்டியிலிருந்து தே ஓ ஊற்றிக் கொடுத்தார். பால் கலவாத அந்தத் தேநீர் கை நடுக்கத்தை நிறுத்தும் சூடோடு இருந்தது. விலை என்று ஒன்று இல்லை. கொடுக்க மனமுள்ளவர் பெட்டியில் இடலாம். மேலே வருகிறவர் எதையேனும் சுமந்து வரலாம். ஒன்றும் இல்லாதவர் குடித்துவிட்டுப் போகலாம். கூலி வாங்காத தொண்டர்கள் இப்படி ஒரு நிலையத்தை நாள்தோறும் நடத்தி வருகிறார்கள் என்பதை, அந்தக் கோப்பையை நானே கையில் ஏந்தியிராவிட்டால், நம்பியிருக்கமாட்டேன்.

சுமை என்பது இத்தீவில் ஒரு தனி மரியாதையைப் பெற்ற விஷயம் போலும். தமிழ் முஸ்லிம்கள் தோளில் கண்டார் என்னும் காவுதடியை வைத்து, ஒரு புறம் சோறும் மறு புறம் கறியுமாகச் சுமந்து விற்ற உணவே இன்று நாசி கண்டார் என்று நாடெங்கும் கீர்த்தி பெற்றிருக்கிறது. தைப்பூசத்தன்று ஆயிரக்கணக்கானோர் காவடி சுமந்து தண்ணீர்மலை ஏறுகிறார்கள். அவற்றின் வரிசையில் வைத்தே, ஒரு பொட்டலம் சர்க்கரையை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும் எழுபது வயதுக் கால்களையும் நான் எண்ணிப் பார்க்கிறேன்.

தேநீர் உள்ளே சென்றதும் பேச்சு ஆரம்பமாயிற்று. பெரியவர் தம் பையிலிருந்து, நெகிழித் தாளில் சுற்றிய ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். இது எத்தனையாவது நோட்டு என்று கேட்டேன், பதினேழாவது என்றார். தேதி, யார் யார் வந்தார்கள், மழை உண்டா, எங்கே மரம் விழுந்திருந்தது, எந்தத் திருப்பத்தில் கண்ணாடிக் குரங்குகள் குட்டியோடு தென்பட்டன, எங்கே மண் சரிந்திருந்தது என்று, பக்கம் பக்கமாகப் பென்சிலால் எழுதியிருந்தது. பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சில். 2017 நவம்பரில் பினாங்கைப் பெருமழையும் காற்றும் தாக்கி, மலையெங்கும் மண்சரிவுகள் உண்டானபோது, பல நாள் ஒருவரும் ஏறக்கூடவில்லை. அந்த நாட்களுக்கெல்லாம் தேதியை மட்டும் எழுதி எதிரே வெற்றிடம் விட்டிருந்தார். பிறகு ஏறத் தொடங்கிய நாளிலிருந்து எழுத்து முன்னிலும் நெருக்கமாகிறது. பழகிய தடங்கள் உருமாறிப்போனதால், மறுபடியும் ஒவ்வோர் அடையாளமாகத் தேடிக் கண்டு குறிக்கவேண்டியிருந்தது என்றார். சில பெயர்களின் பக்கத்தில் சிறு சிலுவையோ, பிறையோ, திருநீற்றுக் கோடோ இட்டிருந்தது. இறந்தவர்கள். ஆரம்பத்தில் பதினான்கு பேராக இருந்த அவர்கள் குழுவில் ஆறு பேர் போய்விட்டார்கள். நான்கு பேருக்கு முழங்கால் போயிற்று. முழங்கால் போனவர்களை மாதம் ஒரு முறை அடிவாரத்துக் காப்பிக்கடையில் சந்தித்து, நோட்டை வாசித்துக் காட்டுவதும் உண்டாம். “அவுங்க ஏறலைன்னாலும் மலை அவுங்களுக்குத் தெரியணும் இல்லீங்களா?” என்று கேட்டார்.

அதைக் கேட்டபோது, இமயமலையில் காலடி வைத்து ஏறாமலே இமயத்தின் ஞாபகசாலையாக வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் பிறந்த எலிசபெத் ஹாலி 1960இல் காட்மாண்டுவில் குடியேறி, 1963 முதல், நேபாளத்தின் சிகரங்களுக்குப் போய் வந்த குழுக்களை ஒன்று விடாமல் சந்தித்து, அவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்கே சென்று விசாரித்து, எந்த நாளில், எந்த வழியாக, யார் யார், எந்த உயரம் வரை என்று குறித்து வைத்தார். சிகரத்தை எட்டினேன் என்று சொல்லுகிறவன் எட்டாதவனாக இருந்தால் அவருடைய கேள்விகளின் முன்னே தடுமாறுவான் என்பார்கள். 2018இல், 94ஆம் வயதில் காலமாகும் வரை அவர் ஒரு சிகரமும் ஏறியதில்லை. 1857இல் லண்டனில் தோன்றிய ஆல்பைன் கழகமும், 1928இல் தோன்றிய ஹிமாலயன் கழகமும் செய்த பணிகளுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், அவர்கள் வெளியிட்ட ஆண்டுமலர்கள் என்றே சொல்வேன். ஏறியவர் மறைந்து, கயிறு மக்கி, கூடாரம் கிழிந்த பிறகும், அடுத்துப் போகிறவனுக்கு வழி சொல்வது அந்தப் பக்கங்களே அல்லவா?

இமயத்தின் பேச்சு எழுந்ததும் பெரியவர் முகத்தில் ஒரு பிரகாசம் உண்டாயிற்று. 1997 மே 23. மலேசியாவின் கொடி முதன்முதலாக எவரெஸ்டில் ஏறிய நாள். அதை ஏற்றிய இருவரும், எம். மகேந்திரன், என். மோகனதாஸ், தமிழர்கள். “அன்னிக்கு எங்க தெருவில யாரும் தூங்கல ஐயா” என்றார். செவிலிப் பெண் அப்பொழுது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதையை அவள் பெரியவரைவிட விரிவாகச் சொன்னாள், ஏனெனில் அவளுக்கு அவர் சொன்ன கதை அது. பச்சேந்திரி பால் இந்தியப் பெண்களுள் முதல்வராக எவரெஸ்டை எட்டியதும் 1984ஆம் ஆண்டின் அதே மே 23ஆம் தேதி. தமிழ்நாட்டுப் பெண்களுள் முதல்வராக முத்தமிழ்ச்செல்வி எட்டியது 2023ஆம் ஆண்டின் அதே தேதி. இதை நான் சொன்னபோது சீனப் பெண்மணிகள் இருவரும் அதிர்ஷ்ட நாள் என்று கைகூப்பினார்கள். தேதியின் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் மே மாதத்தின் பின்பாதி தற்செயலன்று. குளிர்காலம் முழுவதும் சிகரத்தை அறைந்துகொண்டிருக்கும் உயர்வானத்துப் பெருங்காற்று வடக்கே விலகி, தென்மேற்குப் பருவமழை இன்னும் வந்து சேராதிருக்கும் சில நாட்களில்தான் அந்த 8,848 மீட்டர் உச்சி மனிதரைச் சற்றே பொறுத்துக்கொள்கிறது. அந்தச் சில நாட்களை மனிதர் கண்டறிந்தது எப்படி? முன்னே போனவர்கள் காற்றையும் பனியையும் குறித்து வைத்ததால். போனவர்களுள் பலர் திரும்பவும் இல்லை.

அப்பொழுது நான் சொல்ல விரும்பாத ஒன்றையும் சொன்னேன். 2018 மார்ச் 11ஆம் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கோடையின் காய்ந்த புல் தீப்பற்றி எரிந்தபோது, மலையேற வந்திருந்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இளம் வயதினர் பலர். அந்தச் செய்தி வந்த இரவை நான் மறக்கவில்லை. காய்ந்த புல் எந்த மாதத்தில் வெடிமருந்துக்கு ஒப்பாகும், காற்று மேலேறும் சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதெல்லாம் மலைவாசிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை. அந்த அறிவு நகரத்திலிருந்து ஆசையோடு மலைக்கு வரும் பிள்ளைகளின் காதை எட்டுவதற்கு நம்மிடையே ஒரு 84 இல்லையே என்று, அந்தப் பெஞ்சில் அமர்ந்து நான் மனம் புழுங்கினேன். 2024இல் தமிழ்நாடு வனத்துறை 40 மலைத்தடங்களைத் திறந்து, அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். மலைக்குப் போகாதே என்று தடுப்பதைவிட, மலையை அறிந்தவனோடு போ என்று சொல்வதே உயிரைக் காக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

84இலிருந்து உச்சி வரை ஜீப் பாதை. தார் இட்ட பாதை ஆயினும் செங்குத்து. அதைப்பற்றி அதிகம் சொல்லுவதற்கில்லை. உச்சியில் ரயிலில் வந்தவர்களின் கூட்டம் இருந்தது. முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கும் மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்தோம். மேகம் விலகியது. கீழே ஜார்ஜ் டவுன், அப்பால் நீரிணை, நீரிணையின்மேல் நூல் இழுத்தாற்போலப் பினாங்குப் பாலம், அக்கரையில் மலாய் நாடு. வடக்கே, கடலோரச் சமவெளியிலிருந்து தனியே எழுந்து நின்றது ஒரு நீல மலை.

“அதுதான் ஜெராய்” என்றார் மலாய் ஆசிரியர். ஜெராய் சிகரம், 1,217 மீட்டர். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில்தான் பழைய கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்து காணப்பட்டன. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை சென்ற கடாரம் அந்தப் பிரதேசமே. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு, கரை கண்ணுக்குப் புலப்படுமுன்பே தெரிந்த அடையாளம் இந்த மலை. பெரியவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தபோது, பல நாள் கடலையே பார்த்துக் கண் பூத்துப்போயிருந்த ஒரு காலைவேளையில், மேல்தளத்திலிருந்து யாரோ கூவ, எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்களாம். முதலில் தெரிந்தது இந்த மலைதானாம். அருகிலிருந்த ஒருவர், முன்னே ஒரு முறை வந்து போனவர், இந்த மலை தெரிந்துவிட்டால் கரை சேர்ந்துவிட்டோம் என்று பொருள், அழாதே என்றாராம். அப்பொழுது தாத்தாவுக்குப் பதினாறு வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியே ஆயுளைக் கழித்த அவர் பேரனுக்கு விட்டுச்சென்ற சொத்துக்களுள் அந்த வார்த்தையும் ஒன்று.

“அந்த ஆளு பேரு தாத்தாவுக்குத் தெரியாதுங்க” என்று பெரியவர் சொன்னார். “கேட்டு வச்சிருக்கலாம்.”

இறக்கத்துக்கு மற்றவர்கள் ரயிலைத் தேர்ந்தார்கள். இரவெல்லாம் விழித்திருந்த செவிலிப் பெண்ணுக்கு அது நியாயமும்கூட. பெரியவரும் நானும் நடந்தே இறங்கினோம். 84இல் மறுபடியும் ஒரு கோப்பை தே ஓ. காலையில் ஊற்றிக் கொடுத்த சீன முதியவர் போய்விட்டார். வேறொருவர், இன்னும் முதியவர், கெண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியில் நான் இட்டதை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

காட்டுப் பாதையில் பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். கீழிருந்து இருவர் ஏறி வந்தார்கள். அக்காளும் தம்பியும் போலத் தெரிந்தது. இருவர் காலணிகளும் புதியவை. எங்களைக் கண்டதும் பெண் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, “அங்கிள், எண்பத்து நாலு இன்னும் தூரமா?” என்று கேட்டாள். என்னைப் பார்த்தே கேட்டாள். நான் பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நோட்டைப் பிரித்து எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

“இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும் அம்மா” என்றேன். “கொஞ்ச தூரத்தில் குறுக்கே ஒரு வேர் கிடக்கும், பெரிய வேர். அதன்மேல் காலை வைக்காதீர்கள், ஈரமாக இருக்கிறது. அதைத் தாண்டிப் பாதை பிரியும். இடப்பக்கம் போங்கள். சிவப்பு நாடா இரண்டு இருக்கும், ஒன்று பழையது, ஒன்று புதியது. தண்ணீர் மிச்சம் இருந்தால் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். மேலே கெண்டியில் ஊற்றலாம்.”

தம்பி தன் புட்டியை எடுத்து எவ்வளவு இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு இருவரும் ஏறிப் போனார்கள்.